அச்சாணி அல்லாத உறுப்பு

பெருந்தேரின் ஓட்டம் சிறியதோர் அச்சாணியிலே தங்கியிருக்கின்றது என்று வள்ளுவர் எடுத்துக்காட்டியதன் பின்னர், சிறியவற்றை இகழலாகாது என்பதற்கு நம்மவர் வேறு சான்று தேடியதில்லை. பரிசளிப்பு விழாவிலே அச்சாணி வருகின்றது. பிரியாவிடைக் கூட்டத்திலே அச்சாணி வருகின்றது. உழைப்பாளரைப் போற்றும் நம் முற்போக்கு எழுத்திலும் அச்சாணியே வருகின்றது. உழைப்பவர் கையை மடக்கினால் உலகம் நின்றுவிடும் என்று நாம் பெருமிதத்துடன் கூறுகின்றோம். கூற்று உண்மையே. ஆயினும் அக்கூற்றினுள்ளே மறைந்து கிடக்கும் நிபந்தனையை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அச்சாணி மதிக்கப்படுவது அது சிறியது என்பதனால் அன்று. அது இல்லாவிடின் தேர் நின்றுவிடும் என்பதனாலேயே. அப்படியாயின், கழன்று விழுந்தபோதும் தேரை நிறுத்தாத உறுப்பின் கதி என்ன? அதனை மதிப்பதற்கு நம்மிடம் நியாயம் ஏதேனும் உண்டா?

இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து எழவில்லை. பழைய வான் ஒன்றின் உட்புறத்துக்குரிய, உள்ளங்கையளவான பிளாஸ்டிக் துண்டொன்றைத் தேடி நான்கு மாதம் அலைந்ததிலிருந்து எழுந்தது.

ஆலையடிவேம்பு அக்கரைப்பற்றோடு ஒட்டிக் கிடக்கும் ஊர். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகின்றது என்பதை வெளியூரார் அறிதல் கடினம். உள்ளூரார் நன்கு அறிவர். பனங்காடு, கோளாவில், கண்ணகிபுரம் ஆகிய இடங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலையிலே சாகாமம் வீதியால் வரும் பள்ளிக்கூட வான் ஒன்றிலே, மாதக் கட்டணம் செலுத்தி நாமும் போய்வருகின்றோம். வான் 1990களில் யப்பானிலே பிறந்தது. டொல்பின், டவுன்ஏஸ், லைட்ஏஸ், வனெட், கரவான், டெலிகா என்று நம் வீதிகளில் ஓடிய, இன்னும் ஓடுகின்ற பழைய வான்களுள் ஒன்று என்று கொள்க. எது என்பது இங்கு முக்கியமன்று.

அவ்வானின் இடப்புறத்தே இழுத்துத் திறக்கும் கதவு உண்டு. உள்ளிருந்து திறப்பதற்கான கைபிடி ஒரு குழியினுள் அமைந்துள்ளது. குழியின் ஓரத்தை மூடிச் சுற்றிவரும் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று இருத்தல் வேண்டும். அச்சட்டம் உடைந்து பாதி போயிருந்தது. சட்டம் போன இடத்தில், வெட்டப்பட்ட தகட்டின் விளிம்பு வெளியே தெரிந்தது. 2025ஆம் ஆண்டில் ஒரு காலைப்பொழுதில், ஆறாந்தரத்துச் சிறுமி ஒருத்தி கதவைத் திறக்க முயன்றபோது அவ்விளிம்பு அவளது வலக்கைச் சுட்டுவிரலைக் கிழித்துவிட்டது. மூன்று தையல் போடவேண்டியதாயிற்று.

விரல் ஆறிவிட்டது. எம்மை வருத்தியது மற்றொன்று. நிகழ்ந்ததை விசாரித்தபோது, அக்கதவைப்பற்றி வானிலுள்ள பிள்ளைகள் அனைவரும் முன்னரே அறிந்திருந்தனர் என்பது தெரியவந்தது. பெரிய பிள்ளைகள் புத்தகப் பையின் வாரைக் கைபிடியிலே மாட்டி இழுப்பார்களாம். சிலர் கைக்குட்டையை மடித்துப் பிடிப்பார்களாம். புதிதாக வந்து சேர்ந்த அச்சிறுமிக்கு மட்டும் எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "எங்களிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தனர். இவ்வாறானவை பெரியவர்களிடம் சொல்லத்தக்க விடயங்கள் அல்ல என்பதை யாரோ அவர்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அந்த யாரோ நாமே. அதே வானிலே எட்டு மாதம் முன்னாசனத்தில் அமர்ந்து சென்ற எமது கண்ணில் அவ்விளிம்பு ஒருநாளேனும் பட்டதில்லை.

வான் ஓட்டுநரைக் கொடியவராக எவரும் எண்ணிவிட வேண்டாம். அவர் அன்று முழுவதும் உண்ணவில்லை. "கதவு திறக்குது, பூட்டுது, அதால நான் கவனிக்கல்ல சேர்," என்றார். பழந்துணியைச் சுற்றிக் கட்டினார்; துணி மூன்றாம் நாளில் அவிழ்ந்தது. இரப்பர்க் குழாயைப் பிளந்து விளிம்பிலே பொருத்தினார். அது கைபிடியைத் தடுத்தது. "உரிய சாமானையே எடுத்துப் போடுவோம், அண்ணன்," என்று நாம் சொன்னோம். அன்று தொடங்கியது தேடல்.

அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்டிய கடைகளிலே முதலில் விசாரித்தோம். பிரேக் உண்டு, கிளட்ச் உண்டு, பெயரரியாத எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் எல்லாம் உண்டு, இது இல்லை. கல்முனையிலும் அதுவே விடை. அங்கு பழஞ்சாமான் விற்கும் முதியவர் ஒருவர் உடைந்த துண்டைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வான் ஓடுதுதானே சேர்?"

"ஓடுது காக்கா."

"அப்ப இது என்னத்துக்கு? ஓடுற சாமான் கேளுங்க, நாளைக்கே எடுத்துத் தாறன். இத ஆரும் கேட்டதுமில்ல, ஆரும் கொண்டு வந்ததுமில்ல."

அவர் கேலி செய்யவில்லை. தம் வாழ்நாள் அனுபவத்தின் சாரத்தையே எமக்குக் கூறினார். பின்னர் வேறோர் அலுவலாகக் கொழும்பு சென்றபோது பஞ்சிகாவத்தையில் ஒரு பகற்பொழுது அலைந்தோம். இலங்கையின் பழைய உதிரிப்பாகங்கள் யாவும் வந்து குவியும் இடமென்று பெயர்பெற்ற பகுதி அது. இயந்திரங்களும் விளக்குகளும் கூரை தொட அடுக்கப்பட்டிருந்தன. முன்பாதி மட்டும் வெட்டி எடுத்து இறக்கப்பட்ட வாகனங்களையும் கண்டோம். இயந்திரமும் விளக்குகளும் முன்பாதியில் உள்ளன. ஆதலால் முன்பாதிக்கே கப்பற்கூலி கட்டுப்படியாகும். நடுக்கதவு நடுவிலே உள்ளது. அதற்காகக் கடல் கடப்பார் எவருமிலர். இங்கே கழித்துப் பிரிக்கப்பட்ட இரண்டொரு வான்களின் நடுக்கதவுகள் கிடைத்தன. அவற்றிலும் அச்சட்டம் உடைந்தே இருந்தது. முன்கதவுகள் இரண்டு, நடுக்கதவு ஒன்றே. நாளொன்றுக்குப் பலமுறை பலர் கைபட்டுத் திறபடுவதும் அதுவே. அதிகம் உழைத்த உறுப்பு எங்கும் ஒரேவிதமாக உடைந்திருந்தது.

இங்கு ஒரு முரணைக் காண்கின்றோம். வாகனத்திலே பெரியவையும் சிக்கலானவையும் எளிதிற் கிடைக்கின்றன. மிக எளியதொரு துண்டு கிடைக்கவில்லை. காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

வாகன உறுப்புக்களைத் தேய்வன என்றும் தேயாதன என்றும் இருவகையாகப் பிரிக்கலாம். பிரேக் தகடு தேய்ந்தே தீரும். எண்ணெய் வடிகட்டி அடைபட்டே தீரும். எனவே அவற்றுக்கு ஓயாத சந்தை உண்டு. வாகனத்தை ஆக்கிய கம்பனி செய்யாவிடினும், அயல்நாடுகளில் வேறு பலர் அவற்றைச் செய்து விற்பர். கதவின் உட்சட்டமோ தேயாதது என்றே வகுக்கப்பட்டது. வாகனத்தின் ஆயுள் வரை அது இருக்கும் என்பது கணக்கு. ஆனால் அந்த ஆயுளைக் கணக்கிட்டவர்கள் எந்த நாட்டின் வெயிலை, எந்த நாட்டின் வறுமையை எண்ணிக் கணக்கிட்டனர்? ஆண்டுக்கணக்கான வெயிலிலும் வெப்பத்திலும் பிளாஸ்டிக் தன் இளக்கத்தை இழந்து நொறுங்குந் தன்மை அடைகின்றது. திருகாணி ஏறிய மூலையிலே முதலில் கீறல் விழுகின்றது.

இத்தகைய துண்டு எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதும் நோக்கத்தக்கது. உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் பேரழுத்தத்துடன் செலுத்தி, குளிரவைத்து எடுக்கின்றனர். செலவு பிளாஸ்டிக்கில் இல்லை, அச்சிலே இருக்கின்றது. ஓர் அச்சு இலட்சக்கணக்கான துண்டுகளைத் தரவல்லது. அத்தனையின் மீதும் பங்கிட்டால் அச்சின் விலை தூசு. ஒரே துண்டின் தலையில் சுமத்தினால் அதை வாங்க எவராலும் இயலாது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதலாம் பாகத்தைப் பயன்மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு என்ற வேறுபாட்டிலிருந்தே மார்க்ஸ் தொடங்கினார். அவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு எமக்குக் கிடைத்ததில்லை. ஒரு குழந்தையின் விரலைக் காப்பது இத்துண்டின் பயன். அப்பயனுக்குச் சந்தையிலே விலை இல்லை. விலை இல்லாததனால் அப்பொருளே இல்லை.

இனி, இவ்வான்கள் நம்மிடம் வந்து சேர்ந்த வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். யப்பானிலே புதிய பயணிகள் கார் மூன்று ஆண்டு முடிவிலும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கொரு முறையும் செலவுமிக்க பரிசோதனைக்கு உட்படுகின்றது. பெற்றோல் வாகனம் 13 ஆண்டும் டீசல் வாகனம் 11 ஆண்டும் கடந்தால் வரி கூட்டப்படுகின்றது. 2003 ஒக்டோபர் முதல், புகைக் கட்டுப்பாட்டுக்கு அமையாத பழைய டீசல் வாகனங்கள் டோக்கியோ மாநகரில் ஓடுவதும் தடைசெய்யப்பட்டது. தம் மக்களின் மூச்சைக் காக்க ஒரு நாடு சட்டம் இயற்றுவதை நாம் குறைகூறோம். ஆனால் அங்கே ஆயுள் முடிந்தது என்று தீர்ப்பளிக்கப்பட்டவை வறிய நாடுகளின் துறைமுகங்களில் மறுபிறவி எடுக்கின்றன. அங்கே கணக்கு முடிந்த இடத்தில் இங்கே கணக்குத் தொடங்குகின்றது. நம் நாட்டிலே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இலேதான் அது மீண்டும் படிப்படியாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலே பழைய வானுக்கு ஓய்வு என்ற பேச்சே எழவில்லை.

நம் நாட்டார் உதிரிப்பாகம் செய்யத் தெரியாதவர்கள் அல்லர். 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை இங்கிலாந்திலே ஆக்கப்பட்ட மொரிஸ் மைனர் காரை, அந்நியச் செலாவணி இல்லாத காலத்திலே நம் பட்டறைத் தொழிலாளர் தட்டியும் ஒட்டியும் உயிருடன் வைத்திருந்தனர். பின்னர், இங்கிலாந்தின் பாத் நகரில் அக்கார்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேயர், 1990களில் இலங்கையிலேயே அவற்றுக்கான பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். ஆக்கிய நாட்டுக்கே நாம் உறுப்புக் கொடுத்தோம். இது பெருமைக்குரியதே. ஆயின் ஒன்றைக் கவனிக்க. இங்கிலாந்திலே அக்கார் விருப்புடன் பேணப்படும் பழம்பொருள். ஆதலால் அதன் சிறு துண்டுக்கும் விலை கொடுப்பார் உளர். நம் பள்ளிக்கூட வானைப் பழம்பொருள் என்று பேணுவார் எவர்? பழமை செல்வர்க்குக் கலை. வறியவர்க்கு அது வேறு வழியின்மை.

இவ்விடத்திலே நண்பர்கள் சிலர் எழுப்பும் ஆட்சேபத்தை நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். "2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்த நாடு இது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்டிலே, கதவுச் சட்டத்தைப்பற்றிக் கட்டுரை எழுதுவது நடுத்தர வர்க்கத்தின் சொகுசு அன்றோ?" என்பர்.

முதலில் எது என்பது ஒரு வினா. எது பொருட்டே அன்று என்பது மற்றொரு வினா. இரண்டையும் ஒன்றாக்குவதிலேதான் தவறு நேர்கின்றது. மருந்து முதலில் வரட்டும், பிரேக் இரண்டாவதாக வரட்டும், எமக்கு மறுப்பில்லை. ஆனால் வரிசையிலே கடைசியில் நிற்பது வரிசையிலேயே இல்லாதது ஆகிவிடாது. "இப்போது இயலாது" என்று கூறுபவர் ஒரு கடனை ஒப்புக்கொள்கின்றார். நாளை அதனைத் தீர்க்க வேண்டியவராகின்றார். "ஓடினாற் போதும்" என்று கூறுபவர் கடனையே மறுக்கின்றார். முன்னையது வறுமை, பின்னையது வறுமையை நியாயமாக்கும் தத்துவம். வறுமையினும் இத்தத்துவமே நெடுங்காலம் வாழ்வது. வசதி வந்த பின்னரும் அது போவதில்லை.

மேலும், போதும் என்பது யாருக்குப் போதும்? நாகசேனர் என்னும் பௌத்த துறவி மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி, சக்கரமா தேர், அச்சா தேர், நுகமா தேர் என்று வினவிய வரலாறு நம் நாட்டில் நன்கு அறியப்பட்டது. தனித்த உறுப்பு எதுவும் தேர் அன்று. உறுப்புக்கள் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்பது அவர் காட்டிய முடிவு. நாம் அதனுடன் ஒரு வினாவைச் சேர்க்க விரும்புகின்றோம்: அப்பெயரை வழங்குபவர் யார்? உரிமையாளருக்கு வான் என்பது ஓட்டம். பெற்றோருக்கு வான் என்பது நேரத்துக்கு வருதல். முன்னாசனத்து ஆசிரியருக்கு வான் என்பது இருக்கை. நடுக்கதவருகே நெருக்கி அமரும் சிறுமிக்கோ வான் என்பது அக்கதவே. நாளுக்கு இருமுறை அவள் கை படும் அந்த விளிம்பே. எவை உறுப்பு, எவை அலங்காரம் என்று வகுக்கும் உரிமை இதுவரை ஓட்டத்தால் நன்மை பெறுபவரிடமே இருந்துவந்துள்ளது. இல்லாமையின் விலையைச் செலுத்துபவரிடம் அவ்வுரிமை இருந்ததில்லை. உடைந்த சட்டம் வானை நிறுத்தவில்லை என்பது உண்மை. வானை நிறுத்தும் வல்லமை அற்றவர்களையே அது வெட்டுகின்றது என்பது அவ்வுண்மையின் மறுபக்கம்.

பிறரைக் குறைகூறி எம்மைத் தப்பவைத்துக்கொள்வது முறையன்று. ஒவ்வோராண்டும் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பாடசாலை வாயிலிலே பெரும் பதாகை ஏறும். ஒன்பது ஏ பெற்றவர்களின் முகங்கள் அதிலே சிரிக்கும். பாடசாலை 'ஓடுகின்றது' என்பதற்கு அதுவே சான்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வகுப்பின் கடைசி வாங்கிலே மாணவன் ஒருவன் இருந்தான். பத்தாந்தரத்துக்கு வந்தும் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க அவனால் இயலவில்லை. அவனால் எவருக்கும் தொல்லையில்லை. அவன் வராத நாட்களில் வகுப்பு எவ்விதக் குறையுமின்றி நடந்தது. ஒரு தவணையின் நடுவில் அவன் நின்றுவிட்டான் என்பதை இடாப்பைக் கூட்டும்போதே நாம் கவனித்தோம். அந்த ஆண்டு எமது பாடத்தின் சித்தி வீதம் உயர்ந்தது. அதற்காக நாம் பாராட்டப்பட்டோம்.

அம்மாணவன் பின்னர் பெருந்தொழில் புரிந்து ஊரே வியக்கும் மனிதனானான் என்று இக்கதையை முடிக்க எமக்கும் ஆசையே. அவ்வாறு முடித்தால் வாசகர் நெஞ்சு நிறையும். ஆனால் அது மீண்டும் அச்சாணிக் கதையாகிவிடும். பயன்பட்டதனால் மதிக்கத்தக்கவன் என்ற பழைய நிபந்தனைக்கே நாம் திரும்பிவிடுவோம். அவன் எங்கே இருக்கின்றான் என்று நாம் தேடிச் செல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காகக் கொழும்பு வரை அலைந்த நாம், அவனுக்காக அவனது தெருமுனை வரையேனும் சென்றதில்லை. அவன் எதற்கும் அச்சாணியாக இல்லாதிருக்கலாம். வாசிக்கக் கற்பிக்கப்படுதல் அவனது உரிமை என்பதற்கு அது எவ்வகையில் தடையாகும்?

உழைப்பவர் இன்றேல் உலகம் நின்றுவிடும் என்ற நம் முழக்கம் போராட்டத்துக்கு வேண்டியதே. ஆனால் அறத்தின் அடித்தளமாக அது போதாது. நோயாளியும் முதியவரும் வேலை இழந்தவரும் மெல்லக் கற்கும் பிள்ளையும் எதனையும் நிறுத்த வல்லவர் அல்லர். நிறுத்த வல்லவர்க்கே உரிமை என்ற அறம், முடிவில் வலியவர்க்கே உரிமை என்ற அறத்தின் நாகரிகமான வடிவமாகிவிடும். இல்லாவிட்டால் என்ன நின்றுபோகும் என்று கேட்பதை விடுத்து, இல்லாமையை யார் சுமக்கின்றார் என்று நாம் கேட்கப் பழகவேண்டும்.

இவ்வினாவைக் கேட்டால் செய்யவேண்டியன தாமே தெளிவாகும். பள்ளிக்கூட வானைப் பரிசோதிப்பவர் இயந்திரத்தையும் ரயரையும் பார்ப்பதுடன் நில்லாது, உள்ளே ஏறி, ஆறாந்தரத்துப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தல் வேண்டும். ஆக்குவதை நிறுத்திவிட்ட கம்பனி அவ்வுறுப்பின் வரைபடத்தை விரும்பியவர் செய்துகொள்ள வெளியிடல் வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கையே. பழுதுபார்க்கும் உரிமை இன்று உலகிலே பேசப்படாத பொருள் அன்று. அமெரிக்காவின் மசச்சூசெட்சு மாநிலம் 2012இல் வாகனங்களுக்கென அத்தகைய சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் வீட்டுப் பாவனைப் பொருட்கள் பலவற்றுக்குப் பணிப்புரை பிறப்பித்தது. பழையதை வாங்கும் நாடுகளும் சேர்ந்து குரலெழுப்பினாலன்றி நம் வான் அச்சட்டங்களுள் இடம்பெறப் போவதில்லை.

சட்டத்தின் கதையைச் சொல்லாமல் விட்டால் வாசகர் மன்னியார். அது கடையிலே கிடைக்கவில்லை; கடற்கரையிலே கிடைத்தது. திருக்கோவில்ப் பக்கம் பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் ஒருவரிடம் உடைந்த துண்டுகளைக் கொண்டுசென்றோம். அவர் அவற்றைப் பொருத்தி ஒட்டி, இல்லாத மூலையை மெழுகால் நிரப்பி, அதன்மேல் கண்ணாடி நாரையும் பசையையும் படியவிட்டு அச்செடுத்தார். ஒரு கிழமை கழித்துச் சென்றபோது மூன்று சட்டங்கள் வைத்திருந்தார்.

"ஒன்றுதானே கேட்டோம் அண்ணன்?"

"அச்சு இருக்குத்தானே சேர். இந்த மாதிரி வான் இன்னும் ரெண்டு ஓடுதாம் எண்டு சொன்னீங்க. கிடக்கட்டும்."

மூன்றுக்கும் சேர்த்து ஒன்றின் கூலியையே பெற்றுக்கொண்டார். படகின் நீலநிறம், வானின் சாம்பல்நிறக் கதவிலே அது ஒட்டாமல் தெரிகின்றது. ஓரம் மட்டும் நன்றாக உரைக்கப்பட்டு, தடவினால் கையிலே தட்டுவதில்லை.

பொருத்திய மறுநாள் அச்சிறுமி கதவைத் திறந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டைக் கையை இழுத்து உள்ளங்கையை மூடிக்கொண்டு, இடக்கையாலேயே திறந்தாள். இனி வெட்டாது என்று சொன்னோம். தலையாட்டினாள். அடுத்த நாளும் இடக்கையாலேயே திறந்தாள்.